ஏழுமலை தண்ணீர் ஊற்றினார்

மோட்டார் வைத்திருக்கும் வீட்டில் எது கெட்டாலும், முதலில் கெடுவது டிரைவரின் பெயர்தான்.

எங்கள் வீட்டில் அப்படிக் கெட்டது ஏழுமலையின் பெயர். மணப்பட்டுக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கரையேறி வந்து, ஒன்பது வருஷமாக எங்கள் மோட்டாரை ஓட்டினவர். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் வண்டியை எடுத்துவிட்டார் என்று சொல்லி, என் அப்பா அவரை நடுரோட்டில் வைத்து வேலையை விட்டு நீக்கினார். விசாரணை இல்லை. சாட்சி இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. நான்தான் அந்தச் சாட்சி. அன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது, அவர் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி இரண்டு டின் ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் பட்டணத்துக் காலேஜில் தர்க்கம் படிக்கிறவள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பாகூர் வந்திருந்தேன். வீட்டில் எல்லோரும் ஏழுமலையை 'அவன்' என்பார்கள். நான் 'அவர்' என்றுதான் எழுதுவேன். ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம், பேசலாம், எனக்கு நேரம் இருக்கிறது. மற்றபடி, மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழும் சக கஷ்டஜீவிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற வண்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நின்ற வண்டியைப் பற்றி ஊரே பேசும்.

ஏரிக்கரையில் ஒரு மேகம்

அது ஒரு செவ்வாய்க்கிழமை. ஏரி நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தண்ணீரின் மேல் மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. இந்தப் பக்கம் கரும்பு பூத்து, வெள்ளை வெள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. கரும்பு பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சுக்கார அதிகாரி, காற்று வேண்டும் என்று ஏழுமலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அப்பாவும் நானும். எனக்குப் பாதித் தூக்கம்.

'டப்' என்று ஒரு மெல்லிய சத்தம். பூசணிக்காய் மெத்தையில் விழுந்த மாதிரி. உடனே வெள்ளையாக ஒன்று எழுந்து வந்து எங்களை மூடிக்கொண்டது. ஏரிப் பனிதான் வழி தவறி வண்டிக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தத்துக்குக் கிளம்பின நாலைந்து கொக்குகள் அந்த வெள்ளைக்குள்ளேயே பறந்து போய்க் காணாமல் போயின. அதற்குள் இருந்து அதிகாரி இருமுகிறார், அதுவும் எங்கேயோ தூரத்தில் இருமுகிற மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான காலையை நான் பார்த்ததில்லை.

மேகம் கலைந்தபோது அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையில் செம்மண் நிறத்தில் துருத் தண்ணீர் தெளித்திருந்தது. அப்பா தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு மன்னிப்பை மூன்று தடவை சொன்னார். ஏழுமலை எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீர் போகிற ரப்பர் குழாய் வாய் பிளந்து கிடந்தது. அவர் குழாயைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். ஒருவேளை என்னை வக்கீலாக நியமிக்கிறாரோ என்று அந்தப் பார்வைக்கு நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதற்குள் அப்பா, ஏழுமலை கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும்போதே, என்னைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி ஊத்தாம வண்டிய எடுத்துருக்கான். நாளையிலேருந்து வர வேணாம்னு அவன்கிட்ட சொல்லு."

இரண்டு மாடு இழுத்த மோட்டார்

ஏழுமலை சாவியைச் சீட்டின் மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பில் இறங்கிக் கிழக்கே நடந்தார். கரும்புக்குள் அவர் தலை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு பூ மட்டும் தெரிந்தது. அதிகாரியை ஒரு குதிரை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். எங்கள் உழவு மாட்டை ஓட்டும் கோவிந்தன் ஏர்க்கயிற்றோடு வந்து, மாடு இரண்டையும் மோட்டாரின் முன்பக்கத்தில் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டும், மாடு இழுக்கிற வண்டியில் அப்பா முன்னால் உட்கார மாட்டார், நான் உட்கார்ந்தேன்.

எஞ்சின் இல்லாமல் மோட்டார் போவது ஒரு தினுசான சுகம். சத்தமே இல்லை. மாட்டுக் கழுத்து மணி மட்டும். புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து, நிழலை மடியில் வைத்துவிட்டுப் போயின. நான் வண்டியை ஓட்டவில்லை, யாரோ என்னைக் கனவில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் தோன்றியது. பின்னால் அப்பா மாத்திரம் கனவில் இல்லை. தெருவில் நின்று பார்க்கிற ஒவ்வொருவரையும் பெயரோடு மனதில் எழுதிக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது கோவிந்தன் மோட்டாரின் முகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "மாடுன்னா தண்ணி காட்டலன்னா கத்தும் ஐயா. இது இன்னா, சொல்லாம கொள்ளாம வெடிக்குது?"

சாப்பாட்டில் ஒரு வழக்கு

மத்தியானம் சாப்பாட்டில் வழக்கைத் தொடங்கினேன். முதலாவது, தண்ணீர் ஊற்றியதைப் பார்த்த சாட்சி நான். இரண்டாவது, தண்ணீர் இல்லாத வண்டியிலிருந்து அதிகாரியின் கால்சட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மூன்றாவது, குழாயை நான் தொட்டுப் பார்த்துவிட்டேன், கனிந்த பழம் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. குழாய் கெட்டதால் தண்ணீர் போயிற்றே தவிர, தண்ணீர் இல்லாததால் குழாய் கெடவில்லை. காரணம் எது, விளைவு எது என்று பிரிக்கத் தெரியாமல் ஒரு மனுஷரின் ஒன்பது வருஷத்தைத் தூக்கி ரோட்டில் எறிவதா?

அப்பா ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கடலூரிலிருந்து வேறு டிரைவர் வருகிறான், பேசி முடித்தாயிற்று என்றார். நான் எழுந்து கை கழுவவில்லை. கை காயக் காய உட்கார்ந்திருந்தேன். கடைசியில், எதிராளி சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு ஒப்பந்தம் கிடைத்தது. புதுக் குழாய் ஒன்றை நானே வாங்கி நானே மாட்ட வேண்டும். ஏழுமலை ஊற்றுகிற அதே இரண்டு டின் தண்ணீர்தான். சனிக்கிழமை வண்டி கொதிக்காமல் மணப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அப்பாவே அவரைத் திரும்பக் கூப்பிடுவார். கொதித்தால் கடலூர்க்காரன்.

ஒத்துக்கொண்டுவிட்டு அப்பா மோர் குடித்தார். பிறகு சொன்னார்: "எங்கிட்ட பேசி ஜெயிச்சிடுவ. வண்டிகிட்ட உன் காலேஜி செல்லாது. அதுக்குத் தண்ணி ஒண்ணுதான் தெரியும்."

என் குழந்தைக் காப்பு

குழாய் வாங்க அளவு வேண்டும். நீளத்துக்கு வாழை நார் ஒன்றைப் பிடித்துக் கிழித்துக்கொண்டேன். வாயின் அகலத்துக்கு என்ன செய்வது? ஆணி, குச்சி, உழக்கு எல்லாம் வைத்துப் பார்த்து நின்றேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய், பெட்டியைக் குடைந்து, ஒரு வயதில் நான் போட்டிருந்த வெள்ளிக் காப்பைக் கொண்டுவந்தாள். குழாயைக் கழற்றின இரும்பு முனையில் வைத்தாள். மோதிரம் விரலில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது. ஒரு வயதில் என் மணிக்கட்டு ரேடியேட்டர் முனை அளவு இருந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் காப்பைக் குழாய்க்குள் நுழைத்துப் பார்த்து அறுத்துக் கொடுத்தார். தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று காப்பைக் கைக்குட்டையில் சுற்றிக் குழாய்க்குள்ளேயே செருகிக்கொண்டேன்.

நம் ஊர்ப் பூகோளம் உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சு மண்ணிலிருந்து பிரெஞ்சு மண்ணுக்குப் போக, நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ் மண். அங்கே ஒரு சுங்கச்சாவடி. சைக்கிள் டியூபில் சாராயம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இருப்பதால், ரப்பரைக் கண்டால் அவர்களுக்கு மூக்கு விடைக்கும். சாவடிக்காரர் என் பையிலிருந்து குழாயை எடுத்தார். மோந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வானம் தெரியவில்லை. கைக்குட்டையை உருவினார். வெள்ளி விழுந்தது.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் 'ஆ' என்று மூச்சை இழுத்தார்கள். இது என் காப்பு என்றேன். கையில் போட்டுக் காட்டுங்கள் என்றார். ஒரு வயதில் போட்ட காப்பு இருபது வயதில் ஏறாது, ஏறாதது மட்டுமே இது என்னுடையது அல்ல என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்று ஆரம்பித்து, ஒரே மண்ணை மூன்றாக வெட்டி நடுவில் மூங்கில் தடுப்பைப் போட்டு நிற்கிற நியாயம் வரைக்கும் போனேன். வெயில் ஏறிற்று. பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை அழுது, ஓய்ந்து, தூங்கியும் போயிற்று. மூங்கிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே தும்பிக் கூட்டம் பறந்துகொண்டிருந்ததை நான் பேச்சுக்கு நடுவே பார்த்தேன். சாவடிக்காரர் காப்பை மறுபடி கைக்குட்டையில் சுற்றி, குழாய்க்குள் செருகி, என் கையில் கொடுத்தார்: "கடத்தறவங்க யாரும் இவ்ளோ நேரம் நின்னு பேச மாட்டாங்கம்மா. ஏறுங்க. அவங்கள்லாம் வூட்டுக்குப் போவணும்."

குழாய் ஏறின கதை

வியாழக்கிழமை மத்தியானம் வண்டிக் கொட்டகையில் நுழைந்தேன். கூரைக் கீற்றின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக எஞ்சின் மேல் விழுந்திருந்தது. பழைய குழாயின் ஒரு முனை இன்னும் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புளியால் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தேன். தோல் உரிகிற மாதிரி கையோடு வந்தது. விரலெல்லாம் பிசுபிசுப்பு. அதில் ஏதோ தெரிந்த வாசனை. வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு ஈரத்தோடு படுத்தால் வருமே ஒரு தூக்கம், அந்த வாசனை. நான் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டேன். அடியில் திறந்துவிட்ட ரேடியேட்டர் தண்ணீர் தகர டின்னில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. வெயில் காசுகள் எஞ்சினிலிருந்து இறங்கிச் சக்கரத்துக்கு வந்திருந்தன. தர்க்கம் படித்தவள் அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

புதுக் குழாய் ஏறவே இல்லை. தள்ளினேன், திருகினேன், திட்டினேன். ஒரு முனையை எப்படியோ அரைகுறையாக ஏற்றின பிறகுதான், கிளிப்பு வளையத்தை முதலில் குழாயில் போட்டுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கழற்றி, வளையம் போட்டு, மறுபடி ஆரம்பித்தேன். நகம் ஒன்று போயிற்று. அழுகை வரும்போல இருந்த நேரத்தில் அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பூந்திக்கொட்டை ஊறின தண்ணீர், நுரை தளும்ப. வளையல்காரர் கையை எப்படிப் பிடிப்பார், அப்படி இரும்பு முனையைப் பிடித்தாள். நுரையைத் தடவினாள். குழாயை நேரே தள்ளவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், மூச்சு விடுகிற மாதிரி. வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அந்த வாரத்துக்கு முன் அம்மா மோட்டாரின் மூடிக்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. கையிலிருந்த நுரையை என் கன்னத்தில் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "கொழாகிட்ட போயி இன்னாடி வாதாடிக்கினு நிக்கிற? கொஞ்சம் வழவழப்பா சொன்னா அதுவே கேக்குது பாரு."

மணல் தொடங்குகிற இடம்

சனிக்கிழமை காலை கிளம்பினோம். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், முன்னால் மட்டும். பின்னால் எடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. வண்டி என்பது போகிற இடத்துக்குப் போவதற்குத்தான் என்பது அவர் கட்சி. பக்கத்தில் நான், மடியில் ஒரு பை, பைக்குள் அத்தாட்சியாகப் பழைய குழாய். இரண்டு டின் தண்ணீர், வடிகட்டினது.

ஒவ்வொரு வளைவிலும் நான் எஞ்சின் பக்கமே காதை வைத்துக்கொண்டு வந்தேன். கரும்பு போயிற்று, நெல் வந்தது. கடலூர் ரோட்டைத் தாண்டினதும் சவுக்குத் தோப்பு. அங்கே வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் ஓடின. கடல் முதலில் சத்தமாக வந்தது, பிறகு வாசனையாக, அப்புறம் மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளிக் கோடாக. ஆவி வரவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ரோட்டையே பார்த்தார். ரோடு மணலில் முடிந்தது. இரண்டு பக்கமும் படகும் வலையும். வண்டியைத் திருப்ப வட்டம் போட இடமில்லை.

ஏழுமலை வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஏழுமல, வண்டிய திருப்பணும்" என்றார். அவர் முதலில் மூடியைத் திறந்தார். புதுக் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தினார். "யாரு மாட்டினது?"

"நான்தான்."

"கிளிப்பு தலகீழா கீது. இருக்கட்டும், புடிச்சிக்கினுதான் கீது."

அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்த வழக்கை ஊரறிய ஜெயிக்க வேண்டாமா? பையிலிருந்து பழைய குழாயை எடுத்து அப்பாவின் கையில் வைத்தேன். "நல்லா பாருங்கப்பா. தண்ணி இல்லாம வெடிச்ச கொழாயா இது? தானா அழுகினது. இதுக்கு ஏழுமலை என்ன பண்ணுவார்?"

அப்பா அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. மூக்கருகே கொண்டுபோனார். "இது இன்னாத்துக்கு வெளக்கெண்ண வாசன அடிக்குது?"

ஏழுமலை கடலைப் பார்த்தார். நானும் கடலைப் பார்த்தேன். அலை ஒன்று வந்து, திரும்பிப் போகிறதற்குள், போன கோடை லீவு முழுக்க எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வெயிலில் அந்த ரப்பர் குழாயில் கோடு கோடாக வெடிப்பு. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய் தடவுங்கள் என்றேன். ரப்பருக்கு எண்ணெய் ஆவாது பாப்பா என்றார் அவர். விடுவேனா? செருப்புத் தோலுக்கு ஆகிறது, வண்டி அச்சுக்கு ஆகிறது, அம்மாவின் குதிகால் வெடிப்புக்கு ஆகிறது. ஆகவே ரப்பருக்கும் ஆகும். முக்கால் மணி நேரம். "செரி பாப்பா" என்றார். நான் பட்டணம் போன பிறகும் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் தடவியிருக்கிறார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா குழாயை என் மடியில் திருப்பி வைத்தார். இறங்கினார். மணலில் வண்டியைச் சுற்றி நடந்து, வழக்கமாகத் தான் உட்காருகிற பின்சீட்டில் ஏறிக்கொண்டார். ஏழுமலை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, முன்னும் பின்னுமாக மூன்றே அசைவில் வண்டியைத் திருப்பினார். சவுக்குத் தோப்பு வந்ததும் அப்பா, ஏழுமலையின் தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னைக் கூப்பிட்டார். "கடலூர்க்காரன வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன். நாளைக்குக் காலையில நேரத்தோட வரணும்னு இவருகிட்ட சொல்லு."

ஒரு மனுஷருக்காக நாலு நாள் வாதாடிக் கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தால், அவள் என் சேலையையே கட்டிக்கொண்டு என் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கரும்புப் பூ மறுபடி இரண்டு பக்கமும் வரத் தொடங்கியபோது நான் கேட்டேன்: "அன்னிக்கு ஏரிக்கரையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஏழுமலை? எண்ணெ வைக்கச் சொன்னது பாப்பாதான்னு?"

எதிரே வந்த வைக்கோல் வண்டிக்கு அவர் ஒதுங்கி வழி விட்டார். பிறகு சொன்னார்: "வாய் வரைக்கும் வந்திச்சி பாப்பா. சொன்னா அதுக்கு நீங்க மூணு காரணம் சொல்லுவீங்க. அதுக்கு வேல போனாலே தேவலன்னு வுட்டுட்டேன்."